ஒரு வாரம் முந்தித் திறந்த கண்கள்

ஆறாத புண்களின் வரலாறு – அத்தியாயம் 11

பிறந்த எலிக்குட்டிக்கு மயிர் இருக்காது. குடித்த பால் வயிற்றுக்குள் வெள்ளையாகத் தெரியும் அளவுக்குத் தோல் மெல்லிசாக இருக்கும். இமைகள் இரண்டும் ஒட்டிக் கிடக்கும். அவை பிரிந்து கண் திறக்க 12 முதல் 14 நாள் ஆகும். 1950களின் கடைசியில், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் சில குட்டிகள் மட்டும் ஏழாம் நாளே கண் திறந்து பார்த்தன. முன்பற்களும் வழக்கத்துக்கு முன்பே ஈறைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தன. ஆனால் உடல் மட்டும் கூடப்பிறந்த மற்ற குட்டிகளைவிடச் சிறுத்திருந்தது.

இன்று ஹவானாவிலும் இந்தியாவிலும் சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்குப் போடப்படும் ஒரு மருந்தின் தொடக்கம் அந்தக் குட்டிகள்தான். அங்கிருந்து இங்கு வந்து சேர அரை நூற்றாண்டுக்குக் கொஞ்சம் குறைவான காலம் பிடித்தது. அந்தக் காலம் எதற்காகத் தேவைப்பட்டது என்பதைச் சொல்வதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

சென்ற அத்தியாயத்தில் ரீட்டா லெவி-மோன்டால்சினியை செயின்ட் லூயிஸில் விட்டுவிட்டு வந்தோம். முசோலினியின் இனச் சட்டங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றிய பிறகு, டூரின் நகரத்து வீட்டின் படுக்கையறையில் கோழி முட்டைக் கருக்களை வைத்து ஆய்வு செய்தவர் அவர். விக்டர் ஹாம்பர்கரின் அழைப்பின்பேரில் அமெரிக்கா வந்து, எலியின் புற்றுக்கட்டியிலிருந்து கசியும் ஏதோ ஒன்று நரம்பிழைகளை வளரச் செய்கிறது என்று கண்டுகொண்டார். அந்த 'ஏதோ ஒன்று' எது என்று பிரித்தெடுக்க வேதியியல் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. 1953இல் வந்து சேர்ந்தவர்தான் ஸ்டான்லி கோஹன்.

கோஹன் 1922இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பம். அப்பா தையல்காரர். சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் வாழ்நாள் முழுக்க ஒரு காலைச் சற்று இழுத்தே நடந்தார். கல்லூரிச் சம்பளம் கட்டும் வசதி வீட்டில் இல்லை. கட்டணம் வாங்காத புரூக்ளின் கல்லூரி இருந்ததால்தான் படித்தார். பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மண்புழுவின் உடல் வேதியியலில் முனைவர் பட்டம். அதற்காக இரவு நேரங்களில் பல்கலைக்கழகப் புல்வெளியில் குனிந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மண்புழுக்களைப் பொறுக்கினார். அந்தப் பொறுமையைத்தான் செயின்ட் லூயிஸுக்குக் கொண்டுவந்தார்.

நரம்பை வளர்க்கும் அந்தப் பொருள் புரதமா, நியூக்ளிக் அமிலமா என்பது முதல் கேள்வி. அதே பல்கலைக்கழகத்தில் ஆர்தர் கார்ன்பெர்க்கின் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு யோசனை கிடைத்தது: பாம்பு விஷத்தில் நியூக்ளிக் அமிலத்தை உடைக்கும் நொதி உண்டு, அதைச் சேர்த்துப் பார்க்கலாம். பொருள் நியூக்ளிக் அமிலமாக இருந்தால் அதன் சக்தி போய்விடும். சேர்த்தார்கள். சக்தி பலமடங்கு கூடிவிட்டது. கட்டிச் சாறு சேர்க்காமல் விஷத்தை மட்டும் வைத்துப் பார்த்தபோதும் நரம்பு முடிச்சைச் சுற்றி இழைகள் அடர்ந்து முளைத்தன. அப்படியானால் அந்தப் பொருள் விஷத்திலேயே ஏராளமாக இருக்கிறது.

இந்த இடத்தில் கோஹன் யோசித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. பாம்பின் விஷப்பை என்பது உருமாறிய உமிழ்நீர்ச் சுரப்பி. அப்படியென்றால் பாலூட்டிகளின் உமிழ்நீர்ச் சுரப்பியில் ஏன் தேடக்கூடாது? தேடினார். வளர்ந்த ஆண் எலியின் தாடைக்கடியில் உள்ள சுரப்பியில் அது கொட்டிக் கிடந்தது. நரம்பு வளர்ச்சிக் காரணி கைக்கு எட்டியது.

சுரப்பியின் கச்சாச் சாற்றைப் பிறந்த குட்டிகளுக்கு நாள்தோறும் ஊசியில் செலுத்திப் பார்த்தபோதுதான் முதலில் சொன்ன அந்த இமை விவகாரம் நடந்தது. சுத்தப்படுத்திய நரம்புக் காரணியைச் செலுத்தினால் கண் முந்தித் திறக்கவில்லை. கச்சாச் சாற்றில் மட்டும் திறந்தது. ஆகவே அந்தச் சாற்றுக்குள் இரண்டாவதாக வேறொரு பொருள் இருக்கிறது. நரம்பைத் தேடி வந்தவர்கள் இமையைக் கவனித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பலர் பார்த்துவிட்டு, சாற்றில் அழுக்கு கலந்திருக்கிறது என்று கடந்து போயிருப்பார்கள். கோஹன் அந்த 'அழுக்கை'ப் பிடித்துக்கொண்டார்.

1959இல் அவர் செயின்ட் லூயிஸை விட்டு நாஷ்வில் நகரத்தின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். லெவி-மோன்டால்சினியுடன் செய்த கூட்டுவேலை அத்தோடு முடிந்தது. புது ஊரில் அவர் எடுத்துச் சென்ற சொத்து இந்த இமை திறக்கும் பொருள் மட்டுமே. எலிகளின் சுரப்பிகளை அரைத்துச் சாறெடுத்து, பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் குட்டிகளுக்குச் செலுத்தி, எந்தப் பகுதியில் கண் முந்தித் திறக்கிறது என்று பார்த்து, அதை மறுபடி பிரித்தார். நவீன அளவுக் கருவி எதுவும் இல்லை. குட்டியின் இமைதான் அளவுகோல். 1962இல் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்த செய்தி அச்சானது. இமையைக் குறுக்காகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தபோது காரணமும் தெரிந்தது: மேல்தோல் செல்கள் வேகமாகப் பெருகித் தடித்து, உரிய காலத்துக்கு முன்பே முதிர்ந்திருந்தன. தோல் முந்தி முதிர்ந்ததால் இமை முந்திப் பிரிந்தது. கோழிக்கருவின் தோலைத் தனியே வளர்ப்பு ஊடகத்தில் வைத்துச் சேர்த்தபோதும் மேல்தோல் பெருகியது. அதன் பிறகுதான் அதற்குப் புறத்தோல் வளர்ச்சிக் காரணி என்று பெயர் நிலைத்தது. மருத்துவர்கள் சொல்வதுபோல ஈஜிஎஃப் என்றே இனி எழுதுகிறேன்.

1972இல் அதன் கட்டமைப்பு தெரிந்தது. 53 அமினோ அமிலங்கள் சேர்ந்த சின்னஞ்சிறு சங்கிலி, மூன்று கந்தகப் பிணைப்புகள். மூன்று ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தில் ஹாரி கிரிகரி வேறொரு வேலையில் இருந்தார். இரைப்பையில் அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒரு பெப்டைடு (அமினோ அமிலங்களின் சிறு சங்கிலி) மனிதச் சிறுநீரில் இருப்பது முன்பே தெரிந்த விஷயம். வயிற்றுப்புண்ணுக்கு மருந்தாகுமா என்று அதைச் சுத்தப்படுத்திப் பார்த்தார். அதிலும் 53 அமினோ அமிலங்கள். அவற்றில் 37, கோஹனின் எலிப் பெப்டைடில் இருந்தவையே, அதே இடங்களில். மனித ஈஜிஎஃப் கிடைத்துவிட்டது.

1979இல் வந்த இன்னொரு ஆய்வும் இங்கே சேர்த்தி. உமிழ்நீர்ச் சுரப்பிகளை அகற்றிய எலிகளின் முதுகுக் காயம், சுரப்பி உள்ள எலிகளின் காயத்தைவிடத் தாமதமாகவே சுருங்கியது. எலி தன் காயத்தையும் கூட்டாளியின் காயத்தையும் நக்கும் பழக்கத்துக்கு ஒரு வேதியியல் அடிப்படை இருப்பது தெரியவந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் புண்ணில் எச்சில் தடவ வேண்டாம். மனித உமிழ்நீரில் இந்தப் பெப்டைடு எலியைவிட மிகமிகக் குறைவு, கூடவே வாய்க் கிருமிகள் ஏராளம்.

ஈஜிஎஃப் எப்படி வேலை செய்கிறது? செல்லின் மேற்பரப்பில் அதற்கென்றே ஓர் ஏற்பி இருக்கிறது. ஈஜிஎஃப் வந்து ஒட்டியதும் ஏற்பியின் உட்பக்கம் விழித்துக்கொண்டு, செல்லுக்குள் இருக்கும் புரதங்களின் டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அந்தச் சைகை கைமாறிக் கைமாறி உட்கருவரை போய், 'பிரி, நகர், காயத்தை மூடு' என்ற கட்டளையாக மாறுகிறது. 1978 முதல் 1980 வரை கோஹனும் கிரஹாம் கார்பென்டரும் உடன் உழைத்தவர்களும் இதை அவிழ்த்துக் காட்டினார்கள். 1984இல் அதன் மறுபக்கம் தெரிந்தது. கோழிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் ஒரு வைரஸின் மரபணு, இதே ஏற்பியின் துண்டுப் பிரதி. ஈஜிஎஃப் வராமலே எப்போதும் விழித்திருக்கும் பிரதி. காயத்தை மூடும் கட்டளையும் கட்டியை வளர்க்கும் கட்டளையும் ஒரே வாசல் வழியாகத்தான் செல்லுக்குள் போகின்றன. இன்று நுரையீரல், பெருங்குடல் புற்றுநோய்களுக்குத் தரப்படும் ஜெஃபிடினிப், செடுக்சிமாப் போன்ற மருந்துகள் அந்த வாசலை அடைக்கவே உண்டானவை. இதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

மனிதத் தோலுக்கு ஈஜிஎஃப் செய்த முதல் பெரிய உபகாரம் உடலுக்கு வெளியே நடந்தது. பாஸ்டன் பகுதியில் ஹோவர்ட் கிரீனும் ஜேம்ஸ் ரைன்வால்டும் மனித மேல்தோல் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்க்கக் கற்றிருந்தார்கள். அந்த ஊடகத்தில் ஈஜிஎஃப் சேர்த்தால் செல்கள் நெடுநாள் பெருகிக்கொண்டே போகின்றன என்று 1977இல் எழுதினார்கள். 1984இல் அதே நகரத்திலிருந்து வந்த அறிக்கை மருத்துவ உலகைக் கலக்கியது. 5, 6 வயதுச் சிறுவர்கள் இருவர், உடலின் 95 விழுக்காட்டுக்கும் மேல் தீயில் வெந்தவர்கள். எடுத்து ஒட்டுவதற்கு உடலில் நல்ல தோலே மிச்சமில்லை. மிஞ்சிய துளித் தோலை எடுத்து, தட்டில் வளர்த்து, தாள் தாளாகப் பெருக்கி, அவர்களுடைய உடலையே அவர்களுடைய தோலால் மூடினார்கள். இருவரும் பிழைத்தார்கள்.

1986இல் கோஹனுக்கும் லெவி-மோன்டால்சினிக்கும் நோபல் பரிசு. அதற்குள் மரபணுப் பொறியியல் வந்துவிட்டிருந்தது. ஈஸ்ட்டிலும் பாக்டீரியாவிலும் மனித ஈஜிஎஃப்பை வேண்டிய அளவு தயாரிக்க முடிந்தது. இனிப் புண்ணில் தடவினால் ஆறிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

1989இல் வந்த ஒரு சோதனை அந்த நம்பிக்கைக்கு உரம் போட்டது. தோல் ஒட்டு அறுவைக்காக உடலில் தோல் எடுத்த இடங்கள் உள்ள 12 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு புண்ணில் வெள்ளிக் களிம்பு மட்டும், இன்னொன்றில் அதே களிம்பில் ஈஜிஎஃப் கலந்து. ஈஜிஎஃப் தடவிய இடம் சராசரியாக ஒன்றரை நாள் முன்னதாக ஆறியது. ஒன்றரை நாள் சின்னது என்று தோன்றலாம். ஆனால் மனித உடலில் ஒரு காயம் ஆறும் வேகத்தை மருந்தால் கூட்ட முடியும் என்று கட்டுப்பாட்டுக் குழுவுடன் காட்டியது பெரிய விஷயம்.

அடுத்து, மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கும் கால் சிரைப் புண்களில் தடவிப் பார்த்தார்கள். 1992இல் வந்த முடிவு ஏமாற்றமாக இருந்தது. தடவாத குழுவுக்கும் தடவிய குழுவுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை.

ஏன் என்று கண்டுபிடித்ததில்தான் இந்தத் துறை முதிர்ந்தது. புதுக் காயமும் நாட்பட்ட புண்ணும் அடிப்படையிலேயே வேறு. நாட்பட்ட புண்ணில் அழற்சி அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். அதன் நீரில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் நிரம்பியிருக்கும். மேலே தடவிய பெப்டைடு அடியில் உள்ள செல்லைப் போய்ச் சேருவதற்குள் துண்டு துண்டாகிவிடும். போய்ச் சேர்ந்தாலும் அங்கே உள்ள செல்கள் கிழடு தட்டிப்போய், ஏற்பிகள் குறைந்து, கட்டளைக்குச் செவி சாய்ப்பதில்லை. பெருவெள்ளத்தில் விதை தெளித்ததுபோல ஆயிற்று அந்தக் களிம்பு.

1997 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, வளர்ச்சிக் காரணிகளில் வேறொன்றுக்கு, பெகாப்ளெர்மின் என்ற ரத்தத்தட்டுக் காரணிக்கு, சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணில் தடவ அனுமதி கொடுத்தது. முக்கியச் சோதனையில் 20 வாரத்துக்குள் முழுக்க ஆறியவர்கள் மருந்து பெற்றவர்களில் 50 விழுக்காடு, பெறாதவர்களில் 35 விழுக்காடு. 2008இல் அந்த மருந்தின் பெட்டி மேல் புற்றுநோய் பற்றிய எச்சரிக்கை ஏறியது. மூன்று குழாயோ அதற்கு மேலோ பயன்படுத்தியவர்களிடையே புற்றுநோய் மரணம் கூடுதலாக இருக்கலாம் என்ற கணக்கு அதற்குக் காரணம். மேலும் தரவு சேர்ந்த பிறகு 2018இல் அந்தக் கட்டம் கட்டிய எச்சரிக்கை நீக்கப்பட்டது. சந்தைக்கு வந்த பிறகும் ஒரு மருந்தை இருபது ஆண்டுகள் கண்காணித்தார்கள் என்பதுதான் இதில் நான் சுட்டிக்காட்ட விரும்புவது.

இனி ஹவானா.

1981இல் ஆறு கியூப விஞ்ஞானிகள் ஹெல்சிங்கி போய், காரி கான்டெல் என்ற விஞ்ஞானியிடம் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைத் தயாரிக்கும் முறையைக் கற்றுத் திரும்பினார்கள். ஒரு வீட்டையே ஆய்வுக்கூடமாக்கி, சில வாரங்களில் தாங்களே தயாரித்துக் காட்டினார்கள். அந்த விதையிலிருந்து 1986இல் ஹவானாவின் மேற்குப் பகுதியில் மரபணுப் பொறியியல் மற்றும் உயிரித்தொழில்நுட்ப மையம் எழுந்தது. அமெரிக்கப் பொருளாதாரத் தடைக்குள் சிக்கிய நாடு, வெளியிலிருந்து வாங்க முடியாததைத் தானே செய்துகொள்ளும் கட்டாயத்தில் இருந்தது. அங்கே ஈஸ்ட்டில் மனித ஈஜிஎஃப் தயாரித்தார்கள். முதலில் அவர்களும் மற்றவர்களைப்போலவே தீப்புண்ணுக்கு வெள்ளிக் களிம்பில் கலந்தார்கள்.

அந்த மையத்தின் ஹோர்ஹே பெர்லாங்காவும் அவரோடு உழைத்தவர்களும் வேறு வழியில் யோசித்தார்கள். மேலே தடவினால் சிதைகிறது என்றால், புண்ணின் அடியிலும் ஓரத்திலும் உயிரோடு இருக்கும் சதைக்குள் நேரே ஊசியால் செலுத்தினால் என்ன?

செய்முறையைப் பக்கத்திலிருந்து பார்ப்போம். நோயாளி கட்டிலில் படுத்திருக்கிறார். பாதத்தில், விரல் அகற்றிய இடத்திலிருந்து குதிங்கால் நோக்கி நீளும் புண். முதலில் செத்த சதை முழுவதையும் அறுவை நிபுணர் சுரண்டி எடுக்கிறார். சீழ் அடங்கியிருக்க வேண்டும், அதற்கு ஆன்டிபயாட்டிக் முன்பே ஓடிக்கொண்டிருக்கிறது. உறைந்த தூளாக இருக்கும் 75 மைக்ரோகிராம் மருந்தை 5 மில்லிலிட்டர் ஊசி நீரில் கரைக்கிறார்கள். மெல்லிய ஊசியால் முதலில் புண்ணின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி, பிறகு அடிப்பரப்பில், அரை மில்லி, ஒரு மில்லி என்று பல இடங்களில் குத்துகிறார்கள். எரிச்சல் இருக்கும். சிலருக்கு ஊசி போட்ட பிறகு உடம்பு குளிர்ந்து நடுங்கும். வாரத்துக்கு மூன்று முறை, அதிகபட்சம் எட்டு வாரம். வெளிறிக் கிடந்த அடிப்பரப்பில் ரத்தச் சிவப்பில், பொடிப்பொடி மணியாகப் புதுச்சதை எழுகிறதா என்பதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். அது குழியை நிரப்பி மேலே வந்துவிட்டால் ஊசியை நிறுத்திவிடலாம். பிறகு தோல் தானே ஓரத்திலிருந்து படர்ந்து வரும், அல்லது ஒட்டு வைக்கலாம்.

2006இல் வெளியான முதல் அறிக்கையில் 29 நோயாளிகள். காலை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்ற கட்டத்தில் இருந்தவர்கள். அவர்களில் 17 பேருக்குக் கால் தப்பியது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத சிறு ஆய்வு என்பதால் கியூபர்கள் அதோடு நிற்கவில்லை. ஹவானாவின் ரத்தக்குழாய் அறுவை நிறுவனத்தைச் சேர்ந்த ஹோஸே ஃபெர்னாண்டஸ்-மோண்டெகின் முன்னின்று நடத்திய பெருஞ்சோதனையில் பல மருத்துவமனைகளின் 149 நோயாளிகள் சேர்ந்தார்கள். யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் ஊசி என்று நோயாளிக்கும் தெரியாது, போடுபவருக்கும் தெரியாது. இரண்டே வாரத்தில் புண்ணின் பாதிக்கு மேல் புதுச்சதை மூடியவர்கள், வெறும் ஊசி பெற்ற 48 பேரில் 19 பேர். 75 மைக்ரோகிராம் பெற்ற 53 பேரில் 44 பேர். 2009இல் இது அச்சானது. ஹெபெர்ப்ரோட்-பி என்ற பெயரில் 2006இலேயே கியூபாவில் பதிவான அந்த மருந்து, பிறகு பல நாடுகளுக்குப் போனது.

வெறும் ஊசி பெற்றவர்களிலும் 19 பேருக்குச் சதை வளர்ந்ததைக் கவனியுங்கள். செத்த சதையை எடுத்தது, கிருமியை அடக்கியது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தது, பாதத்தில் பாரம் விழாமல் தாங்கியது ஆகியவற்றின் பலன் அது. ஈஜிஎஃப் அதன் மேல் ஏறி நின்று கைகொடுத்தது. ஒப்பிடும் குழு இல்லாதிருந்தால் அந்த 19ஐயும் மருந்தின் கணக்கில் எழுதியிருப்பார்கள். ஆய்வு வடிவமைப்பில் நான் தலைவணங்கும் இடம் இதுதான்.

அதே ஹவானா நகரத்தில் மூலக்கூறு நோயெதிர்ப்பு மையம் என்ற இன்னொரு நிறுவனம் இருக்கிறது. அங்கே நுரையீரல் புற்றுநோய்க்கு சிமாவாக்ஸ் என்றொரு தடுப்பூசி செய்திருக்கிறார்கள். அது நோயாளியின் உடலையே ஈஜிஎஃப்புக்கு எதிராகத் திருப்பி, ரத்தத்தில் உள்ள ஈஜிஎஃப்பைத் துடைத்தெடுத்துக் கட்டிக்குத் தீனி கிடைக்காமல் செய்கிறது. ஒரு மையம் ஊட்டுகிறது, இன்னொன்று பறிக்கிறது. இரண்டும் சரி. இந்தப் பெப்டைடு யாருக்கு, எங்கே, எப்போது என்பதைப் பொறுத்தே மருந்தாகிறது. புற்றுநோய் இருப்பவருக்கு ஹெபெர்ப்ரோட் போடுவதில்லை.

இந்தியாவில் ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் நிறுவனம் மனித ஈஜிஎஃப்பை ஒரு கூழாகத் தயாரித்து ரீஜென்-டி என்ற பெயரில் கொண்டுவந்தது. அதன் மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவை 2006இல் எழுதியவர்களில் முதல் பெயர் சென்னை ராயபுரத்தில் உள்ள எம்.வி. நீரிழிவு மருத்துவமனையின் விஜய் விஸ்வநாதன். 1954இல் அவருடைய தந்தை பேராசிரியர் எம். விஸ்வநாதன் தொடங்கிய மருத்துவமனை அது. ஹவானாவில் ஊசியும் ராயபுரத்தில் கூழும் ஒரே ஆண்டில் அச்சேறின.

நம் ஊருக்கு இது எவ்வளவு முக்கியம் என்று தனியே சொல்ல வேண்டுமா? 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல். வெறுங்காலோடு கோயிலைச் சுற்றுகிறவர்கள், வயலில் இறங்குகிறவர்கள், செருப்பைத் திண்ணையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் நடக்கிறவர்கள் நாம். பாதத்தில் உணர்ச்சி மரத்தவருக்கு ஆணி ஏறினாலும் தெரிவதில்லை. சாயங்காலம் தரையில் ரத்தக்கறையைப் பார்த்து வீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் சொல்கிறார்கள். மஞ்சள் பற்றுப் போட்டு ஒரு வாரம், தெருமுனைக் கடையில் மாத்திரை வாங்கி ஒரு வாரம் என்று போய், மருத்துவமனை வாசலை மிதிக்கும்போது விரல் கறுத்திருக்கும். அந்தக் கட்டத்தில் எந்தப் பெப்டைடாலும் செய்ய முடிவது கொஞ்சம்தான். ரத்தக்குழாய் அடைத்திருந்தால் அதைத் திறக்காமல் ஈஜிஎஃப் போடுவது வீண் செலவு.

இந்த வரலாற்றை இவ்வளவு விரிவாகச் சொன்னதற்கு இன்றைய காரணம் ஒன்று உண்டு. உடற்பயிற்சிக் கூடங்களிலும் விளையாட்டு வட்டாரங்களிலும் இப்போது பெப்டைடு என்ற சொல் புழங்குகிறது. கிழிந்த தசைநாரை ஆற்றும், மூட்டு வலியைப் போக்கும் என்று சிறு குப்பிகள் விற்பனையாகின்றன. அவற்றில் அதிகம் பேசப்படுவது பிபிசி-157. குரோஷியாவின் ஸாக்ரெப் நகரில் பிரெட்ராக் ஸிகிரிச்சின் குழு 1990களின் தொடக்கத்திலிருந்து ஆராய்ந்துவரும் பெப்டைடு. 15 அமினோ அமிலங்கள். இரைப்பைச் சாற்றில் உள்ள ஒரு புரதத்தின் துண்டு என்று அந்தக் குழு சொல்கிறது. குதிகால் தசைநாரை அறுத்த எலிகள், தசை நசுங்கிய எலிகள், குடலில் புண் உண்டாக்கிய எலிகள் என்று நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகள் வந்திருக்கின்றன. முடிவுகள் பெரும்பாலும் நல்லவை. அவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1962இல் கோஹனின் எலிகளும் நல்ல முடிவைத்தான் காட்டின.

ஆனால் மனிதர்களிடம் நடந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய சின்னச் சின்ன ஆய்வுகள். கியூபர்கள் செய்ததுபோல வெறும் ஊசியோடு ஒப்பிட்டு, நூற்றுக்கணக்கானவர்களிடம் நடத்தி, தசைநார் ஆறியதா என்று பார்த்த சோதனை அச்சில் இல்லை. 2022இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை பிபிசி-157ஐத் தடைப் பட்டியலில் சேர்த்தது. 2023இல் அமெரிக்க எஃப்டிஏ, மருந்தகங்கள் கலந்து தருவதில் பாதுகாப்பு ஐயம் உள்ள பொருள்களின் வரிசையில் அதை வைத்தது. குப்பியின் மேல் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று ஒட்டியிருப்பார்கள். உள்ளே இருப்பது சொன்ன பெப்டைடுதானா, எவ்வளவு சுத்தம் என்பதற்கு யாரும் பொறுப்பு ஏற்பதில்லை. புது ரத்தக்குழாய் முளைக்கச் செய்வது இந்தப் பெப்டைடுகளின் வேலைகளில் ஒன்று என்று எலி ஆய்வுகளே சொல்கின்றன. உடலுக்குள் தெரியாமல் ஒரு கட்டி ஒளிந்திருந்தால், அதற்கும் ரத்தக்குழாய் வேண்டும். ஈஜிஎஃப்பின் ஏற்பி பற்றி முன்னால் சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஈஜிஎஃப்புக்கு 1962 முதல் 2006 வரை 44 ஆண்டுகள் ஆயின. அதில் தோற்ற சோதனைகள் உண்டு, வழி மாற்றிய முயற்சிகள் உண்டு, எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று முறை ஊசியைத் தாங்கிக்கொண்ட நோயாளிகள் உண்டு. வெறும் ஊசி என்று தெரியாமலே அதையும் தாங்கி, அடுத்து வருபவருக்குச் சரியான விடை கிடைக்க உதவிய 48 பேரும் உண்டு. தோள்பட்டை வலியோடு இருக்கும் இருபத்தைந்து வயது இளைஞர் குறுக்கு வழியில் வாங்கும் குப்பிக்குப் பின்னால் இவர்கள் யாரும் இல்லை.

ஆகவே யார் எந்தப் பெப்டைடு ஊசியை நீட்டினாலும் மூன்றைக் கேளுங்கள். மனிதர்களிடம் சோதித்தார்களா, எதோடு ஒப்பிட்டார்கள், எத்தனை மாதம் கவனித்தார்கள்? பதில் வராத ஊசியைப் போட்டுக்கொள்ளாதீர்கள். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் இன்றிரவே அவருடைய இரண்டு உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். சின்ன வெடிப்பு தெரிந்தாலும் நாளைக் காலையே பாத மருத்துவப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

அடுத்த அத்தியாயத்தில், கன்றுக்குட்டியின் தைமஸ் சுரப்பியிலிருந்து கிடைத்து, கண்ணின் கருவிழிப் புண்வரை போன தைமோசின் பீட்டா-4.

(தொடரும்)